ஒரு முட்டைக்கு அசையாத தராசு

அந்த யோசனை எனக்குக் கோழி ஷெட்டின் வாசலில் வந்தது. காலை ஏழு மணி. அப்பா சாக்பீஸால் கரும்பலகையில் முந்தின நாள் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை கோழி, எத்தனை முட்டை, நூற்றுக்கு எத்தனை, தீவனம் எவ்வளவு, செத்தது எத்தனை. எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் வந்து நின்று பார்ப்பார். ஏதாவது ஒன்று இறங்கியிருந்தால் அன்று முழுக்க வீட்டில் யாரோடும் பேச மாட்டார். "எழுதி வெக்காத பண்ணையும் கண்ணைக் கட்டிட்டு ஓட்டற லாரியும் ஒண்ணு சாமி" என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி, எனக்கும் எதையாவது கட்டம் போட்டு எழுதாவிட்டால் கை அரிக்கும்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்து அன்று மூன்றாவது நாள். முந்தின மாலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். அப்பாவின் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே போல அண்ணிக்கும் ஒன்று எழுதினால் என்ன? அவ்வளவுதான், ஷெட்டிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். நடந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை.

நான் ஊட்டச்சத்துப் பட்டப்படிப்பு முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைசி வருட புராஜெக்ட்டே தாய்ப்பால்தான். ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் பெண்களை அங்கன்வாடியில் உட்கார வைத்து, படம் காட்டி, கேள்வி கேட்டு, பதில் சொன்னவர்களுக்குச் சோப்பு கொடுத்தேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் காதிலேயே இருந்தது. இப்போது சொந்த வீட்டிலேயே ஒரு தாய், ஒரு குழந்தை. எனக்கு அது வரம் மாதிரி இருந்தது. அண்ணியை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணி வாழப்பாடிக்காரர். கல்யாணத்துக்கு முந்தின வருடம் அவருடைய அம்மா மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். வீட்டில் அப்பா மட்டும். அதனால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். இது அம்மாவுக்கு வாய்க்கு அவலாகப் போயிற்று. "தலைச்சனுக்குத் தாய் ஊட்டுக்குப் போறதுதான் ஊரு மொறை. நம்மளுக்கு வந்தவ தாயையே தொலைச்சுட்டு வந்திருக்கறா" என்று பால்காரரிடம்கூடச் சொன்னாள். அண்ணன் அப்போது ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். செல்போனில் முகம் காட்டுவான், குழந்தையைக் காட்டச் சொல்வான், சிக்னல் போய்விடும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், குடிப்பதற்கு முன் எடை, குடித்த பின் எடை. தீவனக் குடோனில் மக்காச்சோள மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. இரும்புத் தட்டும், கம்பத்தின் மேல் சிவப்பு எண் எரியும் பெட்டியும். அதைச் சக்கரப் பலகையில் வைத்து நானே தள்ளிக்கொண்டு வந்து டெட்டால் போட்டுத் துடைத்து, அண்ணியின் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினேன். தாளை அதற்கு மேலே சுவரில் ஒட்டினேன். அண்ணி படுத்தாலும் எழுந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"எதுக்கு இது?" என்றார் அண்ணி.

"உங்க நல்லதுக்குத்தானுங் அண்ணி" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. முதல் சில நாள் வருகிற சீம்பால் குழந்தைக்கு முதல் தடுப்பூசி மாதிரி. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, சளிக் காய்ச்சல், காது சீழ் எல்லாம் குறைவு. ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. குழந்தைக்கு மட்டுமல்ல, கொடுக்கிற உங்களுக்கும் கர்ப்பப்பை சீக்கிரம் சுருங்கும், ரத்தப்போக்கு மட்டுப்படும், பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு குறையும், சினைப்பைப் புற்று, மார்பகப் புற்று வாய்ப்பு குறையும். எல்லாம் உண்மை. இன்றைக்கும் ஒரு வரி மாற்றாமல் சொல்வேன். ஆனால் அதோடு நிற்காமல், "உங்கம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வராம இருக்கோணும்னா நீங்க கட்டாயம் குடுக்கோணும்" என்றும் சொன்னேன்.

அண்ணி குழந்தையின் காதை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "எங்கம்மா எனக்கு மூணு வயசு வரைக்கும் கொடுத்தாங்க" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடியிருப்பார்கள். நான், "வாய்ப்பு குறையும்னுதான் சொன்னேன். வரவே வராதுன்னு சொல்லலீங்களே" என்றேன். தேர்வில் அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப பாலு இருந்தா எடை ஏறோணும்?"

"ஏறோணும்ங்கம்மா."

"ஏறலைன்னா?"

நான் யோசிக்காமல், "பத்தலைன்னு அர்த்தம்" என்றேன். அன்றிலிருந்து அந்தத் தாள் என்னுடையதாக இல்லை, அம்மாவுடையதாகிவிட்டது.

எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் அம்மா. எண்களை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் 2.8. அடுத்த நாள் 2.7. அதற்கடுத்த நாள் 2.6. பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் கொஞ்சம் இளைக்கும், பத்துப் பதினைந்து நாளில் மறுபடி ஏறும் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவும் சொன்னேன். "உங்க புஸ்தகத்துல அப்படி. எங்க கண்ணுல இது" என்று சிவப்பு எண்ணைக் காட்டினாள். அந்தத் தாளில் இன்னும் மோசமான ஒரு கட்டம் இருந்தது. குடிப்பதற்கு முன், குடித்த பின். ஒவ்வொரு தடவையும் இரண்டும் ஒன்றேதான். குழந்தை இருபது நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கும், தட்டில் கிடத்துவேன், 2.6. முன்னும் 2.6, பின்னும் 2.6. ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கே பயம் வந்தது. பயத்தில் இன்னும் அடிக்கடி எடை போட்டேன்.

"தொட்டியில எத்தனை துணி நனைச்சிருக்கான்னு பாருங்களேன்" என்று அண்ணி ஒரு நாள் சொன்னார்.  

"மூத்திரத்தைக் காட்டிப் பாலுக்குச் சாட்சி சொல்றா பாரு" என்றாள் அம்மா. நானும் சிரித்தேன்.

ஐந்தாம் நாளிலிருந்து ஒறம்பரை சனம் வரத் தொடங்கிற்று. ஆளுக்கொரு சோப்புப் பெட்டி, பழம், பிஸ்கட். வந்தவர்கள் குழந்தையைப் பார்த்த கையோடு சுவரைப் பார்த்தார்கள். அம்மாவே நிறுத்தி வைத்து விளக்கினாள். திருச்செங்கோட்டிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு வாயில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். தாளைப் பார்த்து, அண்ணியின் மாரைப் பார்த்து, "ஏனுங் அம்முணி, பாத்தா மேட்டூர் டேமாட்டம் இருக்குது, மதகைத் தொறக்கத்தான் ஆளில்லையாட்ட இருக்குது" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அண்ணியும் சிரிக்க முயன்றார். முயன்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உதடு ஒரு பக்கம் போய் அங்கேயே நின்றுகொண்டது.

"நெம்பப் படிச்ச நாத்தனா இருக்கறா, மதகுக்குச் சாவி அவகிட்ட இருக்கும்" என்று இன்னொரு அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அதில் பெருமை.

ஆறாம் நாள் அம்மா ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தாள். "இதுல பீச்சு. எத்தனை இருக்குதுன்னு பாத்துப்போடலாம். வெசனம் தீந்துரும்." அறையில் பெரியம்மா இருந்தார், நான் இருந்தேன், ஜன்னலுக்கு வெளியே முட்டை ஏற்ற வந்த வண்டிக்காரரின் குரல் இருந்தது. அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். "ஏன், நாங்க பொம்பளைக இல்லியா?" என்றார் பெரியம்மா. அண்ணி மறுபடியும் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கால் மணி நேரம். டம்ளரின் அடி நனைந்தது, அவ்வளவுதான். குழந்தை சப்புவதும் கையால் பீச்சுவதும் ஒன்றல்ல. பீச்சி வருகிற அளவை வைத்துப் பால் இவ்வளவு என்று சொல்லவே கூடாது. என் புராஜெக்ட்டில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இதை நானே எழுதியிருந்தேன். ஆனால் அம்மா டம்ளரைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டியபோது, நான் மருந்து ஊற்றும் மூடியில் அதை அளந்து, தாளில் சிவப்புப் பேனாவால் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இப்போது கேட்டால், காலியாக ஒரு கட்டம் இருந்தது, அதனால் எழுதினேன். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஏழாம் நாள் காலையும் 2.6. அப்பா அதுவரை அந்த அறைக்குள் வந்ததில்லை. அன்று வாசல்படியில் நின்றபடியே தாளைப் பார்த்தார், ஷெட்டில் பார்ப்பது மாதிரியே, இரண்டடி பின்னால் போய். பிறகு அம்மாவிடம், அண்ணிக்குக் கேட்கிற மாதிரிதான், "நாலு நாளா ஏறலைன்னா அது ஏறாது. ஷெட்டுல இருந்தா நான் வெச்சுட்டு இருப்பனா?" என்றார்.

முட்டை இடாத கோழியை எங்கள் பண்ணையில் என்ன செய்வோம் என்பது அண்ணிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கறிக்கடை வண்டி வந்து கூண்டு கூண்டாக ஏற்றிக்கொண்டு போனதை நின்று பார்த்தவர். அண்ணி குழந்தையை மடியிலிருந்து எடுத்துத் தூளியில் போட்டார். யாரும் போடச் சொல்லவில்லை.

அண்ணன் போனில், "டாக்டரைக் கேட்டீங்களா?" என்றான். "பண்ணைக்காரன் மவன் கேக்கற கேள்வியப் பாரு. பத்தாயிரம் கோழிக்குப் பாக்கற உங்கப்பன் ஒரு புள்ளைக்குப் பாக்க மாட்டாரா?" என்று அம்மா சிரித்தாள். அவனும் சிரித்தான். அன்று மாலையே பால்பவுடர் டின்னும் புட்டியும் வந்தன. வாங்கி வந்தது நான்தான். தாய்ப்பாலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள் ஸ்கூட்டியில் டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். தாளில் எண் அப்படி இருந்ததே, நான் என்ன செய்வேன்?

டின் வந்த பிறகுதான் அண்ணிக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தை குடிக்கவில்லை, உள்ளே பால் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் கல்லாக இறுகி, சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. பால் இல்லை என்று ஒதுக்கப்பட்டவளின் ரவிக்கை பாலில் நனைந்திருக்கிறதே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. "அத்தை, ஒரு தடவை குழந்தையைக் கொடுங்க. வலி தாங்கல" என்று அண்ணி கேட்டார்.

"கட்டிக்கிட்டது கெட்ட பாலு. அதைக் குடுத்து என்ற பேத்திய எமனுக்குத் தாட்டி உடச் சொல்றியா? கம்முனு படு" என்ற அம்மா, என்னிடம் நாலு முழம் மல்லிகை வாங்கி வரச் சொன்னாள். நெருக்கமாகக் கட்டினதாக, மொட்டாக.

எனக்குச் சந்தோஷம். காய்ச்சல்காரிக்குத் தலைக்குப் பூ வைத்துக் கொஞ்சம் தேற்றப் பார்க்கிறாள், அம்மாவும் மனுஷிதானே என்று நினைத்தேன். பூக்காரம்மாவிடம் பேரம் பேசாமல் ஐந்து முழமாக வாங்கினேன். வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்து அண்ணியிடம், "திரும்புங் அண்ணி, நானே வெச்சு உடறேன்" என்றேன்.

"தலைக்கு இல்ல" என்றாள் அம்மா. பூவைப் பிரித்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி, அண்ணியின் மாரோடு வைத்து இறுக்கி முதுகில் முடிச்சுப் போட்டாள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கம் செய்வது அதுதான். பிள்ளை செத்துப் பிறந்தவளுக்குச் செய்வது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. அண்ணிக்குத் தெரிந்திருந்தது. வாழப்பாடியிலும் அதுதான் வழக்கம். "எங்கூர்ல குழந்தை இல்லாதவங்களுக்குத்தான் இதைக் கட்டுவாங்க" என்றார் அண்ணி, யாரையும் பார்க்காமல். பக்கத்துத் தூளியில் குழந்தை புட்டி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் தினமும் பூ மாற்றினார்கள். அறை கல்யாண மண்டபம் போல மணந்தது. மூன்று நாளும் வாங்கி வந்தது நானே. இரண்டாம் நாளிலிருந்து எதற்கென்று தெரிந்தும் வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அம்மா புட்டியைக் கழுவுவாள், ஆனால் கொதிக்க வைக்க மாட்டாள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இதற்கு மேல் என்ன சுத்தம் என்பாள். மாலைக்குள் உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. அப்பாதான் காரை எடுத்தார். போகிற வழியெல்லாம் அண்ணியின் மடியில் குழந்தை, அண்ணி அதன் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு தடவை மட்டும், "துணி நனையல" என்றார். அவர் மட்டும்தான் பிறந்த நாளிலிருந்து துணியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. குழந்தைகள் வார்டில் இருந்த நர்ஸம்மா ஊசி மாற்றும்போது கேட்டார், "ஏன் புட்டி? அம்மாவுக்கு என்ன?"

"பால் இல்லீங் சிஸ்டர்" என்றேன். பிறகு எனக்குள்ளிருந்த கெட்டிக்காரி விடாமல், "சும்மா சொல்லலீங். நாலு நாள் எடை போட்டுப் பாத்தோம். குடிக்கறதுக்கு முன்னாடி, பின்னாடி. சார்ட் இருக்குது" என்று போனில் படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எல்லாமே புள்ளிக்கு அப்பறம் ஒரே ஒரு எண்ணா இருக்குது. என்ன தராசு?"

"எங்க பண்ணைத் தராசுங்."

"பண்ணைன்னா?"

"கோழித் தீவனம் நிறுக்கறது."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த வயசுக் கொழந்தை ஒரு தடவைக்கு எத்தனை குடிக்கும்னு நீ படிச்சிருப்பியே" என்றார். பிறகு அண்ணியிடம் போய், "மூணாம் நாளுக்கு மேல எத்தனை துணி நனைச்சா?" என்று கேட்டார். அண்ணி யோசிக்காமல், நாள் வாரியாகச் சொன்னார். மூன்று, ஐந்து, ஏழு, எட்டு. நர்ஸம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "உனக்கு நல்லா வந்துட்டுதான் இருந்திருக்குது, தங்கம்" என்றார். அண்ணி அப்போதுதான் அழுதார், பிள்ளைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு. வராண்டாவில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து, "இப்ப எதுக்கு ஒப்பாரி? ஆஸ்பத்திரின்னு பாக்காம" என்றாள்.

வீட்டுக்கு வந்த அன்று மதியம், ஒருவரும் பார்க்காத நேரத்தில், தராசின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஸ்விட்சைப் போட்டேன். 0.0 எரிந்தது. முட்டை இடத் தொடங்கிய இளங்கோழியின் சின்ன முட்டை ஒன்றை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தேன். 0.0. எடுத்தேன். மறுபடி வைத்தேன். 0.0. இன்னொரு முட்டையைப் பக்கத்தில் வைத்தேன். அப்போது குதித்து 0.1 ஆயிற்று. நூறு நூறு கிராமாகத்தான் அது நகரும். மூட்டைக்கு அது போதும். பிறந்து நாலு நாளான பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது அந்த ஒரு முட்டை எடைகூட இருக்காது. பெரிய டம்ளரில் ஊற்றினால் அடி தெரியும், அவ்வளவு. இருபது நிமிடம் வயிறாரக் குடித்துவிட்டு வந்தாலும் அந்தப் பெட்டிக்கு அது ஒன்றுமே இல்லை. முட்டையால் சாப்பிடுகிற வீடு எங்களுடையது. ஒரு முட்டைக்கு அசையாத தராசை நம்பி ஒரு தாய்க்கு மல்லிகைப்பூ கட்டியிருக்கிறோம்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு இருந்தது, எத்தனை எடைக்குக் கீழே காட்டாது என்று அதில் எழுதியே இருந்தது. தவிட்டுத் தூசு மூடியிருந்தது. நான் டெட்டால் போட்டுத் துடைத்தது தட்டை மட்டும்.

இரண்டு முட்டையையும் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். ஷெட்டு வாசலில் இருந்தார். நான் வேகமாகப் பேச ஆரம்பித்ததும், "மெதுவாப் பேசு சாமி. கோழி மெரளும்" என்றார். அப்போதுதான் அவர் பின்னால் தொங்கிய தகரப் பலகை கண்ணில் பட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதில் எழுதியிருப்பது: அந்நியர் உள்ளே வரக் கூடாது. சத்தம் போடக் கூடாது. பக்கத்து ஊர்க் கோயில் நோம்பிக்குப் பட்டாசு வெடித்தால் அடுத்த நாள் முட்டை இறங்கும் என்று அப்பா அங்கே போய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வார். சிவப்புச் சேலை கட்டிய வேலைக்காரப் பெண்களை உள்ளே விட மாட்டார். மிரண்டால் உடம்பு கொடுப்பதை நிறுத்திவிடும் என்று கோழி விஷயத்தில் அவருக்குத் தெரியும். பயமும் வலியும் அவமானமும் இருந்தால் பால் இறங்குவது தடைபடும் என்று எனக்கும் தெரியும், அதற்கு எந்த ஹார்மோன் என்று பேரோடு தெரியும். அண்ணியின் அறைக்குள் மட்டும் நாற்பது பேர் வந்து போனார்கள்.

முட்டை விஷயத்தைச் சொன்னேன். அப்பா கேட்டார். தராசுத் தகட்டை நான் துடைக்கவில்லை என்றதும், "அது மூட்டைத் தராசுன்னு எனக்குத் தெரியுமே. நீ படிச்சவ, பாத்துத்தான் வெச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். மறுபடி சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை அண்ணியிடம் போய், தாளைக் கிழித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். நர்ஸம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினேன்: பால் வற்றினாலும் மறுபடி வரவைக்க முடியும், பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொள்ள வேண்டும், கேட்கும்போதெல்லாம் முதலில் மார்பு, பிறகுதான் காய்ச்சின தண்ணீரில் கலந்த பால், அதுவும் புட்டியில் இல்லை, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில், எடை வாரம் ஒரு தடவை, ஆரம்ப சுகாதார நிலையத்துத் தராசில். நாள் தள்ளத் தள்ளக் கஷ்டம். இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

அண்ணி கேட்டுக்கொண்டே துணி மடித்தார். "முடிச்சிட்டியா?" என்றார். "நீ புள்ள பெத்தா நான் வந்து சுவத்துல எழுதறேன். அப்ப தெரியும்."

கிழித்த தாளை நாலாக மடித்தேன்.

"காலையிலிருந்து ரெண்டு தடவை போட்டேன். சப்புறா. ரெண்டாவது தடவை உதட்டோரம் வெள்ளையா கொஞ்சம் இருந்துச்சு. பாலா, புட்டியில குடிச்சதான்னு தெரியல." மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்தார். "இனிமே இந்த ரூமுல தராசு இருக்கக்கூடாது. டம்ளர் இருக்கக்கூடாது. உங்கம்மா, உங்க பெரியம்மா இருக்கக்கூடாது. நீயும்தான்."

"வந்துருமுங் அண்ணி."

"வந்தா வரட்டும். வரலைன்னா நான் அழுவறதையாவது யாரும் எழுதாம இருங்க."

அது நேற்று. நாளை ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா ஒரு வேன் ஆளோடு வருகிறார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையைப் பார்க்க. அம்மா இப்போதே கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருக்கிறாள். கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் அப்பா கரும்பலகையில் எழுதிவிட்டுப் போன பிறகு, ஷெட்டு வாசலில் கம்பியில் தொங்கும் அந்தத் தகரப் பலகையைக் கழற்றி, கழுவி, அண்ணியின் கதவில் மாட்டப்போகிறேன். தாழ்ப்பாள் உள்பக்கம், அண்ணியின் கையில். வெளியே நாற்காலி போட்டு நான் உட்காருவேன். அம்மா முதலில் என்னைத்தான் பேசுவாள். "தராசு தப்பு இல்லீங்கம்மா, நாந்தான் தப்பு. நீங்க கட்டினதும் தப்பு" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் மூன்று தடவை சொல்லிவிட்டேன். இரண்டாம் பாதி வரும்போது மூன்று தடவையும் குரல் இறங்கிவிட்டது.